பிரிதிறனா, புதுப்பிப்பு வீதமா? கணினி விளையாட்டுத் திரைகளின் வரலாறு

கணினியில் விளையாடுவோர் புதிய திரை ஒன்றை வாங்கும்போது இரண்டு எண்களைப் பார்க்கின்றனர். ஒன்று பிரிதிறன். பேச்சுவழக்கில் இது ரெசல்யூஷன் எனப்படுகிறது. திரையில் அகலவாக்கிலும் உயரவாக்கிலும் எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பதை இது குறிக்கிறது. மற்றொன்று புதுப்பிப்பு வீதம், அதாவது ரெஃப்ரெஷ் ரேட். ஒரு நொடியில் திரை எத்தனை முறை புதிய படத்தைக் காட்டுகிறது என்பதை ஹெர்ட்ஸ் என்னும் அலகில் இது குறிக்கிறது. முதல் எண் கூடினால் படம் நுணுக்கமாகத் தெரியும். இரண்டாம் எண் கூடினால் அசைவு சீராகத் தெரியும்.

இரண்டையும் ஒருசேர உயர்த்த முடிந்தால் கேள்வியே எழாது. ஆனால் கணினித் திரையின் வரலாறு முழுவதும் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்க வேண்டியிருந்தது. காரணம் காலத்துக்குக் காலம் மாறியது. ஒரு காலத்தில் திரையின் மின்சுற்று தடையாக இருந்தது. பின்னர் கிராபிக்ஸ் கார்டும், அதன்பின் இணைப்புக் கம்பியும் தடையாயின. அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. தொடக்கத்தில் இந்தத் தேர்வை விளையாடுபவர் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே செய்ய முடிந்தது. தட்டைத் திரைகள் வந்தபின் அது கடையில் பணம் கொடுக்கும்போதே முடிவாகிவிடும் தேர்வாயிற்று. அண்மைக் காலத்தில் அது மீண்டும் விளையாடுபவரின் கைக்குத் திரும்பி வருகிறது. இந்த மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு எண்கள், ஒரே கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1920×1080 பிரிதிறன் கொண்ட திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. 2560×1440 திரையில் 36,86,400 உள்ளன. 4கே எனப்படும் 3840×2160 திரையில் 82,94,400 உள்ளன. அதாவது 4கே திரை 1080பி திரையைப் போல் சரியாக நான்கு மடங்கு.

இனி இவற்றைப் புதுப்பிப்பு வீதத்தால் பெருக்குவோம். 4கே திரை 60 ஹெர்ட்ஸில் இயங்கினால் நொடிக்கு 49.77 கோடி படப்புள்ளிகள் காட்டப்படுகின்றன. 1080பி திரை 240 ஹெர்ட்ஸில் இயங்கினாலும் அதே 49.77 கோடிதான். 1440பி திரை 144 ஹெர்ட்ஸில் இயங்கினால் 53.08 கோடி. மூன்றும் ஏறத்தாழ ஒரே சுமை. ஒருவர் அதைக் கூர்மையாகச் செலவிடுகிறார், மற்றொருவர் வேகமாகச் செலவிடுகிறார், மூன்றாமவர் இரண்டுக்கும் பங்கிடுகிறார்.

புதுப்பிப்பு வீதத்தின் பயன் ஒரே சீராக வளர்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.67 மில்லி நொடி நிற்கிறது. 120 ஹெர்ட்ஸில் 8.33, 240 ஹெர்ட்ஸில் 4.17, 480 ஹெர்ட்ஸில் 2.08 மில்லி நொடி. முதல் இரட்டிப்பில் 8 மில்லி நொடிக்கு மேல் மிச்சமாகிறது. கடைசி இரட்டிப்பில் 2 மில்லி நொடிதான் மிச்சம். செலவு ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது, பயனோ ஒவ்வொரு முறையும் பாதியாகிறது.

கதிர்க்குழாய்த் திரைகளின் காலம்

சிஆர்டி எனப்படும் கதிர்க்குழாய்த் திரையில் எலக்ட்ரான் கற்றை ஒன்று இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியாக ஓடிப் படத்தை வரைகிறது. கற்றை பட்ட இடத்தில் பாஸ்பர் பூச்சு ஒரு கணம் ஒளிர்ந்து அணைகிறது. ஒரு நொடியில் எத்தனை வரிகளை வரைய முடியும் என்பதே அத்திரையின் எல்லை. இதற்குக் கிடைமட்ட அதிர்வெண் என்று பெயர். அதைக் கிலோஹெர்ட்ஸில் அளப்பர்.

ஐபிஎம் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட சிஜிஏ தரத்தில் 320×200 அளவில் நான்கு வண்ணங்கள் கிடைத்தன. 1984-இல் வந்த இஜிஏ 640×350 அளவில் 16 வண்ணங்களைத் தந்தது. 1987-இல் பிஎஸ்/2 கணினிகளுடன் வந்த விஜிஏ தரமே அதன்பின் நெடுங்காலம் அடித்தளமாக நின்றது.

விஜிஏ தரத்துக்குள்ளேயே நம் கேள்வி ஒளிந்திருந்தது. அதன் கிடைமட்ட அதிர்வெண் ஏறத்தாழ 31.5 கிலோஹெர்ட்ஸ். அந்த ஒரே வேகத்தில் 480 வரிகளை வரைந்தால் நொடிக்கு 60 படங்கள் கிடைக்கும். 400 வரிகளை வரைந்தால் 70 படங்கள் கிடைக்கும். விளையாட்டுகள் பெரிதும் பயன்படுத்திய 320×200 அளவு, ஒவ்வொரு வரியையும் இருமுறை வரைந்து 400 வரிகளாகக் காட்டப்பட்டது. ஆகவே அது 70 ஹெர்ட்ஸில் இயங்கியது.

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் விளையாட்டு இந்த அளவையே பயன்படுத்தியது. அதன் இயக்கம் நொடிக்கு 35 படங்கள் என்று கட்டப்பட்டிருந்தது. 35 என்பது 70-இல் சரிபாதி. திரை இருமுறை புதுப்பிக்கும்போது விளையாட்டு ஒருமுறை முன்னேறும். திரையின் வீதத்தை வைத்தே ஒரு விளையாட்டின் உள்கடிகாரம் அமைக்கப்பட்டதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. அக்காலத்துக் கணினிகள் பலவற்றால் அந்த 35-ஐக்கூட எட்ட முடியவில்லை. எனவே விளையாட்டின் அமைப்பில் காட்சிச் சாளரத்தைச் சிறிதாக்கவும், நுணுக்கத்தைக் குறைக்கவும் வழி தரப்பட்டிருந்தது. கூர்மையை விட்டுக்கொடுத்து வேகத்தைப் பெறும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

முப்பரிமாண அட்டைகளும் பல வேகத் திரைகளும்

1990-களின் நடுவில் பல அதிர்வெண்களை ஏற்கும் திரைகள் பரவலாயின. இவற்றில் பயனரே பிரிதிறனையும் வீதத்தையும் மாற்றிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக 70 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்கும் ஒரு திரையை எடுத்துக்கொள்வோம். அதில் 1280×1024 அளவை 60 ஹெர்ட்ஸில் இயக்கலாம். 1024×768 அளவை 85 ஹெர்ட்ஸில் இயக்கலாம். 800×600 அளவுக்கு இறங்கினால் ஏறத்தாழ 110 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஒரே திரை, ஒரே விலை, மூன்று தேர்வுகள்.

கதிர்க்குழாய்த் திரையில் இந்தத் தேர்வு கண்ணின் நலத்தையும் பாதித்தது. பாஸ்பர் விரைவில் அணைந்துவிடுவதால் 60 ஹெர்ட்ஸில் திரை சிமிட்டுவது பலருக்குத் தெரிந்தது. நெடுநேரம் பார்த்தால் கண் சோர்வும் தலைவலியும் வந்தன. எனவே திரைத் தரங்களை வகுக்கும் வேசா அமைப்பு 85 ஹெர்ட்ஸ் வீதத்துக்கான அளவுகளைத் தன் தரங்களில் சேர்த்தது. அலுவலக வேலைக்குக்கூட 85 ஹெர்ட்ஸ் வேண்டும் என்பது அக்காலத்தில் பொதுவான அறிவுரையாக இருந்தது.

இதே காலத்தில் கிராபிக்ஸ் கார்டு புதிய எல்லையாக உருவெடுத்தது. 1996-இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை, குவேக் போன்ற முப்பரிமாண விளையாட்டுகளை 640×480 அளவில் ஓடவிட்டது. 1998-இல் வந்த வூடூ2 அட்டை 800×600 வரை சென்றது. இரண்டு வூடூ2 அட்டைகளைச் சேர்த்துப் பொருத்தினால் 1024×768 கிடைத்தது. திரையால் அதைவிடப் பெரிய அளவைக் காட்ட முடிந்தாலும் அட்டையால் வரைய முடியவில்லை.

போட்டியாக விளையாடுவோர் இக்காலத்தில்தான் தனி வழியில் செல்லத் தொடங்கினர். 1999-இல் குவேக் 3 அரீனாவும், அதே ஆண்டில் ஹாஃப் லைஃப் விளையாட்டின் மாற்றுப் பதிப்பாகக் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் வெளிவந்தன. இவற்றில் எதிரியை முதலில் பார்ப்பவரும் முதலில் சுடுபவரும் வெல்கின்றனர். எனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் 640×480 அல்லது 800×600 போன்ற சிறிய அளவுகளில், 100 ஹெர்ட்ஸுக்கு மேல் திரையை இயக்கினர். காட்சியின் அழகைக் குறைத்து அமைத்துக்கொண்டனர்.

குவேக் 3 விளையாட்டில் இதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அதன் இயக்கக் கணக்கில் எண்களை முழுமையாக்கும் முறையால், நொடிக்கு 125 படங்கள் ஓடும்போது ஆட்டக்காரர் சற்று உயரமாகத் தாவ முடிந்தது. வேகம் கண்ணுக்கு மட்டுமன்றி விளையாட்டின் விதிகளுக்குள்ளும் ஆதாயம் தந்தது. ஒரே விளையாட்டை வேகமான கணினியில் ஆடுபவருக்கு வேறு உடல் வலிமை கிடைத்தது போல் ஆயிற்று. இது நியாயமா என்ற கேள்வி எழுந்ததும் இயல்பே. பிற்காலத்தில் பல விளையாட்டுகள் இயக்கக் கணக்கைப் படவீதத்திலிருந்து பிரித்து வைத்ததற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

தட்டைத் திரை கொண்டுவந்த இழப்பு

2000-களின் தொடக்கத்தில் எல்சிடி திரைகள் மேசைகளைப் பிடிக்கத் தொடங்கின. அவை எடை குறைந்தவை, இடம் அடைக்காதவை, மின்சாரத்தைக் குறைவாகச் செலவிடுபவை, சிமிட்டாதவை. சில ஆண்டுகளுக்குள் கதிர்க்குழாய்த் திரைகள் கடைகளிலிருந்து மறைந்தன.

ஆனால் விளையாடுவோருக்கு இது பல வகையில் பின்னடைவாக இருந்தது. முதலாவதாக, எல்சிடி திரையில் படப்புள்ளிகள் நிலையாகப் பதிக்கப்பட்டவை. 1280×1024 திரையில் 800×600 படத்தைக் காட்டினால், ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளிக்கும் மேலாக நீட்ட வேண்டியிருக்கும். எழுத்தும் கோடும் மங்கிவிடும். கதிர்க்குழாயில் இத்தகைய இயல் பிரிதிறன் என்று ஒன்று இல்லாததால் எந்த அளவும் ஏற்கத்தக்கதாகத் தெரிந்தது.

இரண்டாவதாக, புதுப்பிப்பு வீதம் 60 ஹெர்ட்ஸில் உறைந்துபோயிற்று. எல்சிடி சிமிட்டாததால் அலுவலக வேலைக்கு 60 போதுமானதாக இருந்தது. அதைக் கூட்டவேண்டிய தேவை உற்பத்தியாளருக்கு எழவில்லை. சிறிய அளவுக்கு இறங்கினாலும் கூடுதல் வேகம் கிடைக்காது. கூர்மையை விட்டுக்கொடுத்தவருக்குக் கைம்மாறாக எதுவும் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக, நீர்மப் படிகங்கள் திரும்புவதற்கு நேரம் எடுத்தது. தொடக்ககாலத் திரைகள் சிலவற்றில் இது 25 மில்லி நொடி வரை இருந்தது. ஒரு படம் நிற்கும் காலமே 16.67 மில்லி நொடிதான் என்பதால், ஒரு படம் முழுமையாகத் தெரியும் முன்பே அடுத்த படம் வந்துவிடும். ஓடும் உருவத்தின் பின்னால் நிழல்போல் ஒரு தடம் நீண்டது.

நான்காவது குறை நுட்பமானது. கதிர்க்குழாய்த் திரை ஒவ்வொரு படத்தையும் ஒரு கணம் மின்னலாகக் காட்டி அணைத்துவிடுகிறது. எல்சிடி திரையோ அடுத்த படம் வரும்வரை பழைய படத்தை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. நம் கண்ணோ ஓடும் பொருளைத் தொடர்ந்து நகர்கிறது. எனவே நின்ற படம் விழித்திரையில் இழுபட்டு மங்குகிறது. நொடிக்கு 960 படப்புள்ளிகள் நகரும் ஒரு பொருள் 60 ஹெர்ட்ஸ் திரையில் 16 புள்ளி அகலத்துக்கு மங்கும். 120 ஹெர்ட்ஸில் 8 புள்ளியும், 240 ஹெர்ட்ஸில் 4 புள்ளியும் மங்கும். படிகங்கள் எவ்வளவு விரைவாகத் திரும்பினாலும் இந்த மங்கல் நீங்காது.

பிரிதிறனும் புதுப்பிப்பு வீதமும் முற்றிலும் எதிரெதிரானவை அல்ல என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. அசையாத படத்தில் 4கே திரை மிகக் கூர்மையானது. ஆனால் அதே திரை 60 ஹெர்ட்ஸில் ஓடும் காட்சியைக் காட்டும்போது, அந்தக் கூர்மையின் பெரும்பகுதி மங்கலில் கரைந்துவிடுகிறது. அசைவின்போது கண்ணுக்குக் கிடைக்கும் கூர்மையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் புதுப்பிப்பு வீதமே.

கூர்மையின் பக்கம் மட்டுமே சாய்ந்த ஒரு திரையும் இக்காலத்தில் வந்தது. ஐபிஎம் 2001-இல் வெளியிட்ட டி220 திரை 22.2 அங்குலத்தில் 3840×2400 படப்புள்ளிகளைக் கொண்டிருந்தது. மருத்துவப் படங்கள், வரைபடங்கள் போன்றவற்றுக்காக உருவான அத்திரைக்கு நான்கு டிவிஐ இணைப்புகள் தேவைப்பட்டன. அப்படியும் அதன் புதுப்பிப்பு வீதம் 41 ஹெர்ட்ஸ்தான். அசையாத படத்துக்கு அது சிறந்த கருவி. விளையாட்டுக்கு ஏற்றதன்று.

இக்காரணங்களால் போட்டி ஆட்டக்காரர் பலர் 2000-களின் பிற்பகுதி வரை கனமான பழைய கதிர்க்குழாய்த் திரைகளையே வைத்திருந்தனர். சோனி நிறுவனத்தின் 24 அங்குல எஃப்டபிள்யூ900 அகலத்திரை இன்றும் ஆர்வலர்களால் தேடப்படுவதற்குக் காரணமும் இதுவே.

120 ஹெர்ட்ஸ் எப்படி வந்தது

தட்டைத் திரைகளின் வேகத்தைக் கூட்டியது விளையாட்டுப் போட்டியன்று என்பது வியப்பான செய்தி. 2009 ஜனவரியில் என்விடியா நிறுவனம் 3டி விஷன் என்னும் கண்ணாடியை வெளியிட்டது. இக்கண்ணாடி இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி மறைக்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால் திரை 120 படங்களைக் காட்ட வேண்டும். இதற்காகவே சாம்சங் 2233ஆர்இசட், வியூசோனிக் விஎக்ஸ்2265டபிள்யூஎம் ஆகிய 22 அங்குலத் திரைகள் 1680×1050 அளவில் 120 ஹெர்ட்ஸில் வந்தன.

கண்ணாடி அணிந்து விளையாடும் மோகம் சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. திரைகளோ நிலைத்துவிட்டன. கண்ணாடியைக் கழற்றி வைத்தவர்கள், சுட்டியின் அசைவே மாறியிருப்பதை உணர்ந்தனர். 2012-இல் ஏசுஸ் நிறுவனத்தின் 27 அங்குல விஜி278எச்இ திரை 1920×1080 அளவில் 144 ஹெர்ட்ஸை எட்டியது. அதன்பின் 144 என்பது விளையாட்டுத் திரைகளுக்குரிய வழக்கமான எண்ணாயிற்று.

4கே வந்ததும் பழைய கேள்வி திரும்பியதும்

2013-இல் ஏசுஸ் நிறுவனத்தின் பிகியூ321 போன்ற 4கே திரைகள் மேசைக்கணினிக்கு வந்தன. அக்காலத்துத் திரைக்கட்டுப்பாட்டுச் சில்லுகளால் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் ஒரே படமாகக் கையாள முடியவில்லை. ஆகவே அத்திரை தன்னை 1920×2160 அளவிலான இரண்டு திரைகள் என்று கணினியிடம் சொல்லிக்கொண்டது. கணினி அவ்விரண்டையும் ஒட்டி ஒரே திரையாகக் காட்டியது. எச்டிஎம்ஐ 1.4 இணைப்பிலோ 4கே படம் 30 ஹெர்ட்ஸ் வரைதான் சென்றது. 2014-இல் டெல் நிறுவனம் விலை குறைந்த 28 அங்குல 4கே திரை ஒன்றை விற்றது. அதுவும் 4கே அளவில் 30 ஹெர்ட்ஸில்தான் இயங்கியது. ஆவணங்களைப் படிக்கவும் புகைப்படங்களைத் திருத்தவும் அது பயன்பட்டது. சுட்டியை நகர்த்தினாலே தடுமாற்றம் தெரியும் வேகத்தில் விளையாட முடியாது.

இனி எல்லை இணைப்புக் கம்பிக்கு மாறியது. 2013 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட எச்டிஎம்ஐ 2.0 தரம் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தது. 2014-இல் டிஸ்ப்ளேபோர்ட் 1.3 தரம் அதை 120 வரை உயர்த்த வழி செய்தது. 2016-இல் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையைச் சேர்த்தது. 2017 நவம்பரில் எச்டிஎம்ஐ 2.1 நொடிக்கு 48 கிகாபிட் வரை கடத்தும் திறனைத் தந்தது.

தரம் ஏட்டில் வருவதற்கும் பொருள் கைக்கு வருவதற்கும் இடையே இடைவெளி இருந்தது. 2018-இல் ஏசுஸும் ஏசரும் 27 அங்குல 4கே 144 ஹெர்ட்ஸ் திரைகளை வெளியிட்டன. ஆனால் அவை படச்சுருக்க முறையைப் பயன்படுத்தவில்லை. 10 பிட் வண்ண ஆழத்தில் முழு வண்ணத் தகவலும் வேண்டுமெனில் 98 ஹெர்ட்ஸ் வரைதான் செல்லலாம். 144 வேண்டுமெனில் வண்ணத் தகவலில் ஒரு பகுதியைக் கைவிட வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட இரண்டு எண்களும் உண்மையே. ஆனால் இரண்டையும் எதையும் இழக்காமல் ஒருசேரப் பெற முடியவில்லை.

நடுவழியும் மாறும் வீதமும்

இந்த இழுபறிக்கு நடுவே 2560×1440 அளவு வலுப்பெற்றது. 2014-இல் ஏசுஸ் வெளியிட்ட 27 அங்குல ஆர்ஓஜி ஸ்விஃப்ட் பிஜி278கியூ திரை அந்த அளவில் 144 ஹெர்ட்ஸைத் தந்தது. 2015-இல் ஏசர் எக்ஸ்பி270எச்யூ அதே வேகத்தை, நல்ல வண்ணமும் அகன்ற பார்வைக்கோணமும் தரும் ஐபிஎஸ் வகைத் திரையில் கொண்டுவந்தது. 1080பி-யைவிட 1.78 மடங்கு புள்ளிகள், 60 ஹெர்ட்ஸைவிட 2.4 மடங்கு வேகம் என்ற இந்தக் கலவை விளையாடுவோர் பலருக்கு ஏற்றதாக அமைந்தது.

அதே காலத்தில் மற்றொரு பழைய சிக்கலும் தீர்ந்தது. திரை ஒரே சீரான வீதத்தில் புதுப்பிக்கிறது. கிராபிக்ஸ் கார்டோ காட்சியின் சுமைக்கேற்ப ஒருமுறை 50 படங்களும் மறுமுறை 90 படங்களும் தருகிறது. இரண்டும் பொருந்தாதபோது, திரையின் மேற்பாதியில் ஒரு படமும் கீழ்ப்பாதியில் அடுத்த படமுமாகக் கிழிந்து தெரியும். இரண்டையும் கட்டிவைத்தால் கிழிசல் மறையும், ஆனால் தாமதமும் தடுமாற்றமும் வரும். 2013 அக்டோபரில் என்விடியா அறிவித்த ஜி-சிங்க் தொழில்நுட்பம் இதைத் தலைகீழாக்கியது. அட்டை படத்தை முடிக்கும்வரை திரை காத்திருந்து, பின்னர் புதுப்பிக்கும். 2014-இல் வேசா அமைப்பு இதே கருத்தை அடாப்டிவ்-சிங்க் என்ற பெயரில் பொதுத் தரமாக்கியது. அதன் அடிப்படையில் ஏஎம்டி நிறுவனத்தின் ஃப்ரீசிங்க் திரைகள் 2015-இல் வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் அப்பொதுத் தரத்தைத் தன் அட்டைகளில் ஏற்றது.

இதன்பின் புதுப்பிப்பு வீதம் ஓர் உச்ச எல்லையைக் குறிக்கும் எண்ணாக மாறியது. 144 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர் எப்போதும் 144 படங்களை எட்டவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 90 கிடைத்தால் 90-ஐச் சீராகக் காட்டும். சுமாரான கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்போருக்கு இது பெரிய ஆறுதல்.

தனித்தனிப் பாதைகள்

போட்டி ஆட்டக்காரர்கள் தொடர்ந்து வேகத்தின் பக்கமே நின்றனர். 1080பி அளவில் 240 ஹெர்ட்ஸ் திரைகள் 2016-17 காலத்தில் வந்தன. 2020 ஜனவரியில் 360 ஹெர்ட்ஸ் திரை அறிவிக்கப்பட்டது. 2023-இல் 500 ஹெர்ட்ஸும் 540 ஹெர்ட்ஸும் விற்பனைக்கு வந்தன. இவை பெரும்பாலும் 24 அல்லது 24.5 அங்குலத் திரைகள். கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டக்காரர் பலர் இத்திரைகளிலும் 1280×960 போன்ற குறைந்த அளவையே வைத்து, படத்தை அகலவாக்கில் இழுத்து விளையாடுகின்றனர். கதிர்க்குழாய்க் காலத்துப் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

கதை சார்ந்த விளையாட்டுகளையும் திறந்தவெளி விளையாட்டுகளையும் விரும்புவோர் 4கே பக்கம் சென்றனர். அங்கே கிராபிக்ஸ் கார்டு மீண்டும் தடையாயிற்று. இதற்கு மென்பொருள் வழியே தீர்வு தேடப்பட்டது. 2018-இல் என்விடியா அறிமுகப்படுத்திய டிஎல்எஸ்எஸ் முறை, விளையாட்டைக் குறைந்த பிரிதிறனில் வரைந்து, பின்னர் திரையின் அளவுக்குப் பெரிதாக்குகிறது. அதன் முதல் வடிவம் மங்கலாக இருந்ததாகக் குறை சொல்லப்பட்டது. 2020-இல் வந்த இரண்டாம் வடிவம் முந்தைய படங்களின் தகவலையும் பயன்படுத்தித் தரத்தை வெகுவாக உயர்த்தியது. 2021-இல் ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எஸ்ஆர் முறையும், 2022-இல் இன்டெல் நிறுவனத்தின் எக்ஸ்இஎஸ்எஸ் முறையும் வந்தன.

இதன் வரலாற்றுப் பொருள் பெரிது. எல்சிடி வந்தபோது இழந்த ஓர் உரிமை இதனால் திரும்பக் கிடைத்தது. திரையின் புள்ளிகள் நிலையானவை என்றாலும் உள்ளே வரையப்படும் அளவை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கலாம். தரம், சமநிலை, வேகம் என்ற பெயர்களில் விளையாட்டின் அமைப்புப் பட்டியலில் காணப்படும் தெரிவுகள் அந்தப் பழைய உரிமையின் புதிய வடிவமே.

2022-இல் வந்த டிஎல்எஸ்எஸ் 3 இன்னொரு படி சென்று, வரையப்பட்ட இரண்டு படங்களுக்கு நடுவே புதிய படம் ஒன்றை உருவாக்கிச் செருகியது. இதனால் கண்ணுக்கு அசைவு சீராகத் தெரிகிறது. ஆனால் விசையை அழுத்தியதற்கும் திரை பதிலளிப்பதற்கும் இடையிலான தாமதம் இதனால் குறைவதில்லை. உயர்ந்த வீதத்தின் இரு பயன்களில் ஒன்றைத்தான் இது தருகிறது.

ஒரே திரையில் இரண்டும்

2022-இல் சாம்சங் ஒடிசி நியோ ஜி8 திரை 4கே அளவில் 240 ஹெர்ட்ஸை எட்டியது. 2024-இல் ஓஎல்இடி வகையிலும் 4கே 240 ஹெர்ட்ஸ் திரைகள் வந்தன. ஓஎல்இடி புள்ளிகள் தாமே ஒளிர்ந்து தாமே அணைவதால், நீர்மப் படிகம் திரும்பக் காத்திருக்கும் சிக்கல் இல்லை.

அதே 2024-இல் எல்ஜி நிறுவனத்தின் 32 அங்குல ஓஎல்இடி திரை ஒன்று, ஒரு பொத்தானை அழுத்தினால் 4கே 240 ஹெர்ட்ஸிலிருந்து 1080பி 480 ஹெர்ட்ஸுக்கு மாறும் வசதியுடன் வந்தது. 4கே என்பது 1080பி-யின் சரியான நான்கு மடங்கு என்பதால் நான்கு புள்ளிகள் சேர்ந்து ஒரு புள்ளியாகின்றன. வேசா அமைப்பும் தன் சான்றளிப்பில் இத்தகைய இரட்டை முறைத் திரைகளுக்கு இடம் அளித்தது. 1990-களின் கதிர்க்குழாய்த் திரையில் இயல்பாக இருந்த வசதி, இருபது ஆண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பின் தட்டைத் திரைக்கு வந்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பின்னும் பெரும்பாலோரின் மேசையில் இருப்பது எளிய திரையே. ஸ்டீம் தளம் மாதந்தோறும் வெளியிடும் வன்பொருள் கணக்கெடுப்பில் 1920×1080 அளவு பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்து வருகிறது. உச்சத் திரையின் விலையும், அதை ஓட்டத்தக்க கிராபிக்ஸ் கார்டின் விலையும் எல்லோருக்கும் எட்டுவதில்லை. எனவே தேர்வு என்பது இன்றும் உண்மையான கேள்விதான்.

வரலாறு காட்டும் வழி

மேற்கண்ட வரலாற்றிலிருந்து தேர்வுக்கு உதவும் சில உண்மைகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, தடை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரிதிறனைக் கூட்டினால் சுமை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுகிறது. படவீதத்தைக் கூட்டினால் மையச் செயலியும் சேர்ந்து உழைக்க வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு படத்துக்கும் விளையாட்டின் கணக்குகளை அதுவே தயாரிக்கிறது. செயலி நொடிக்கு 80 படங்களுக்கு மேல் தயாரிக்காத கணினியில் 240 ஹெர்ட்ஸ் திரை பெருமளவு வீணாகும். அப்படிப்பட்ட கணினியில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால், கூடுதல் பிரிதிறனே பயன்தரும்.

இரண்டாவது, திரையின் அளவையும் கண்ணின் தொலைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயல்பான பார்வை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும் என்று கொண்டால், 24 அங்குல 1080பி திரையின் புள்ளிகள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டருக்கு அப்பால் மறைகின்றன. 27 அங்குல 1440பி திரைக்கு இத்தொலைவு 80 சென்டிமீட்டர். 27 அங்குல 4கே திரைக்கு 54 சென்டிமீட்டர். மேசையில் 60 முதல் 70 சென்டிமீட்டர் தொலைவில் அமர்பவருக்கு முதல் இரண்டிலும் புள்ளிகள் ஓரளவு தெரியும், மூன்றாவதில் தெரியாது. ஆகவே 27 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் 1080பி அளவு சொரசொரப்பாகத் தோன்றும். 24 அங்குலத்தில் 4கே வாங்குவதால் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிது.

மூன்றாவது, விளையாட்டின் தன்மையே முதன்மையானது. எதிரியை நொடிப்பொழுதில் குறிபார்க்க வேண்டிய விளையாட்டுகளில் வீதம் முதலிடம் பெறுகிறது. நகர் அமைக்கும் விளையாட்டு, உத்தி விளையாட்டு, மெதுவாகச் சுற்றிப்பார்க்கும் கதை விளையாட்டு ஆகியவற்றில் பிரிதிறன் முதலிடம் பெறுகிறது. அத்துடன் அதே திரையில் படிப்பும் எழுத்து வேலையும் நடக்கும் என்றால், கூர்மையான எழுத்து நாள்தோறும் பயன் தரும்.

நான்காவது, 60 ஹெர்ட்ஸிலிருந்து 120 அல்லது 144-க்குச் செல்லும் முதல் படியே பெரிய மாற்றம் தருவது. அதற்கு மேல் ஒவ்வொரு படியும் சிறிதாகிக்கொண்டே போகிறது. எனவே இரண்டு பக்கமும் உறுதியாகச் சாயாதவர், முதலில் அந்தப் படியை ஏறிவிட்டு, மீதிப் பணத்தைப் பிரிதிறனில் செலவிடுவது பொருத்தமானது.

கடைசியாக, வாங்கிய வீதம் உண்மையில் இயங்குகிறதா என்று சரிபார்க்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் திரையைப் பொருத்தினாலும் விண்டோஸ் அமைப்பு 60 ஹெர்ட்ஸிலேயே நின்றிருக்கக் கூடும். திரை அமைப்புகளில் மேம்பட்ட காட்சிப் பகுதிக்குச் சென்று வீதத்தைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். பழைய கம்பியோ பழைய இணைப்போ இருந்தால் உயர்ந்த எண் அந்தப் பட்டியலிலேயே தோன்றாது. திரை, அட்டை, செயலி, கம்பி ஆகியவற்றுள் எது பின்தங்கி நிற்கிறதோ அதுவே எல்லையை வகுக்கும். 1987-இன் விஜிஏ திரைக்கும் இன்றைய ஓஎல்இடி திரைக்கும் இந்த விதி ஒன்றுதான்.